மண்டாடி இல்லாத வலை: உப்புவெளி விருந்தினர் விடுதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் சிறிய தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் வரி விடயங்களைப் பார்ப்பதும்தான் என் வேலை. கணக்குப் பார்க்கப் போகிற இடத்தில் ஆட்களின் சிக்கலும் சேர்ந்தே வரும். அப்படி வந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். விடுதியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன். உரிமையாளரிடமும் மனேஜரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரம் நடந்து பார்த்தால் இதே மாதிரி விடுதிகள் நிறைய இருக்கின்றன. முதல் போட்டவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருப்பார், தொழில் இங்கே நடக்கும். அவர்களில் யாருக்காவது இது உதவினால் நல்லது.

விடுதியும் ஆட்களும்

அது 11 அறைகள் கொண்ட விடுதி. காணி உரிமையாளரின் தகப்பன் வழியில் வந்தது. சண்டை முடிந்த பிறகு, கனடாவில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துச் சேர்த்த காசில் மாடி வீடு கட்டினார். முதலில் குடும்பம் வந்து தங்குவதற்காக மூன்று அறை, அப்புறம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க இன்னும் எட்டு. எல்லோரும் அவரை 'கனடா அண்ணை' என்றுதான் சொல்வார்கள்.

வேலைக்கு ஒன்பது பேர். மனேஜர் நகரத்துத் தம்பி, முப்பத்தைந்து வயது இருக்கும். குசினி கிண்ணியாவைச் சேர்ந்த நானா ஒருவரின் பொறுப்பு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்ததால்தான் தன்னால் இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போக முடிகிறது, பாதை வள்ளத்தை நம்பியிருந்த காலத்தில் இந்த வேலையே எடுத்திருக்க மாட்டேன் என்பார். வரவேற்பு மேசையில் இருக்கிற தங்கச்சி கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, மூன்று மொழியும் பேசுவாள். மற்றவர்கள் அறைகளைப் பார்க்கிற பொடியன்கள், ஒரு தோட்டக்காரர், இரவுக் காவல் ஐயா.

திருகோணமலையில் இந்தத் தொழில் காற்றோடு நடக்கிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும். புறாத்தீவுக்குப் படகுகள் வரிசையாகப் போகும். நவம்பரில் வாடை தொடங்கினால் கடல் கலங்கி, படகு நின்று, அறைகள் பூட்டிக் கிடக்கும். ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். அதற்கு மேல் நாட்டில் நடந்ததும் சேர்ந்தது. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா. 2021 இல் அந்த எண்ணிக்கை 2 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. கொஞ்சம் நிமிரும்போது 2022 இல் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை. அந்த வருடம் மனேஜர் பின்வளவில் விறகு அடுப்பு போட்டு நானாவோடு சேர்ந்து சமைத்தார். இரண்டு மாதம் சம்பளம் வாங்கவில்லை. பிறகு நடந்ததைப் பேசும்போது இதை நான் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

2023 இல் வந்தவர்கள் கிட்டத்தட்ட 15 இலட்சம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அறை நிரம்பியது. விடுதி உடைந்ததும் அந்த ஓகஸ்டில்தான். வறுமையில் சேர்ந்து நின்ற ஆட்கள் வருமானம் வந்தபோது பிரிந்தார்கள்.

ஒரு பை மீன்

ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கண்டியிலிருந்து பதினெட்டுப் பேர் வருவதாக இருந்தது. சுட்ட மீன் வேண்டும் என்று முதல் நாளே முற்பணம் போட்டுவிட்டார்கள். காலையில் கரைக்கு வரும் பாரை மீனை வாங்கச் சொல்லி நானாவிடம் சொல்லிவிட்டு, மனேஜர் விருந்தாளிகளைப் புறாத்தீவுப் படகில் ஏற்ற நிலாவெளிக்குப் போனார்.

காலை எட்டரைக்கு நானாவின் வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. ரொறன்ரோவில் அப்போது முந்தின நாள் இரவு 11 மணி. அண்ணை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குசினிக் கமராவைத் திறந்து பார்த்திருக்கிறார். "நானா, ஐஸ்பெட்டி நிறைய மீன் கிடக்குது. முதல் அதை முடியுங்கோ. இண்டைக்குப் புதுசு வாங்க வேண்டாம்."

பெட்டியில் கிடந்தது வேலையாட்களின் சாப்பாட்டுக்கு வாங்கிய சூடை மீன். கமராவில் வெள்ளைப் பை வெள்ளைப் பையாகத்தான் தெரியும். உள்ளே பாரையா சூடையா என்று அது காட்டாது. நானாவுக்கு அது தெரியும். ஆனால் சொன்னவர் முதலாளி. மனேஜருக்கு அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்று நான் பிறகு கேட்டேன். "முதல் ரெண்டு தடவை அப்படிச் சொன்னன் தம்பி. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் சண்டை. நடுவில நான்தான் கோள் சொன்னவன் மாதிரி ஆகிட்டன்" என்றார். அவர் மீன் வாங்கவில்லை.

பின்நேரம் மனேஜருக்குத் தெரிந்தபோது கரையில் மீன் முடிந்துவிட்டது. நகரத்துச் சந்தைக்கு ஓடி, கேட்ட விலைக்கு வாங்கி வந்தார். சாப்பாடு மேசைக்கு வர இரவு பத்தரை. சின்னப் பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். வந்தவர்கள் சத்தம் போடவில்லை, காசையும் குறைக்கவில்லை. திரும்ப வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை, வேலையாட்கள் எல்லோரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் அண்ணையின் குரல்: மீனுக்கு ஏன் இவ்வளவு காசு, யாரைக் கேட்டு வாங்கினது? மனேஜர் பதில் போடவில்லை. திறப்புக் கோர்வையைக் காவல் ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு எனக்கு அழைத்து, "என்ட கணக்கை முடிச்சுத் தாங்கோ" என்றார்.

குரல் செய்திகளைக் கேட்ட பின்நேரம்

மூன்று நாள் பொறுக்கச் சொன்னேன். அடுத்த நாள் விடுதிக்குப் போய், ஆட்களின் சம்மதத்தோடு அவர்களின் கைபேசிகளை வாங்கி, அந்த ஒரு வாரத்தில் ரொறன்ரோவிலிருந்து வந்த செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு கொப்பியில் நாலு கோடு போட்டுக்கொண்டேன்: எப்போது வந்தது, யாருக்கு, எதைப் பற்றி, மனேஜருக்குத் தெரியுமா. கேட்டு முடிக்க ஒரு பின்நேரம் முழுக்கப் போனது.

கெட்ட சொல் ஒன்றுகூட இல்லை. "தம்பி, பூங்கன்றுக்குத் தண்ணி ஊத்தினதா?" "மேசை விரிப்பை மாத்து ராசா." "காவல் ஐயா ஏன் கதிரையில இல்லை?" ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் அக்கறைதான். ஆனால் பாதிக்கு மேல் மனேஜரைத் தாண்டிப் போனவை. அவற்றில் பல அவர் காலையில் சொன்ன வேலைக்கு எதிரானவை. காலைச் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்திகள் குவிந்திருந்தன, ஏனென்றால் அண்ணைக்கு ஓய்வு கிடைப்பது அந்த நேரத்தில்தான். விடுதியில் ஆகவும் கைநெருக்கமான நேரமும் அதுதான்.

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர், நிறுவனம் நடத்தக் கற்றுக்கொண்டதை 1916 இல் 14 கோட்பாடுகளாக எழுதினார். கட்டளை ஒருமை அதில் ஒன்று: ஒரு வேலையாளுக்குக் கட்டளை ஒருவரிடமிருந்து மட்டும் வர வேண்டும். வணிகக் கல்வி படித்த பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். நூறு வருடத்துக்கு முந்தின விடயம்தான். ஆனால் கடல் தாண்டி இருக்கிற முதலாளி குசினிக்குள் பேசக்கூடிய கைபேசி அப்போது இல்லை. முன்பெல்லாம் தூரமே ஒரு கட்டுப்பாடாக இருந்தது, கடிதம் வந்து சேர்வதற்குள் மனேஜர் முடிவெடுத்துவிடுவார். இப்போது அந்தத் தடை போய்விட்டது. அதனால் தடையை நாமே போட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றையும் கவனித்தேன். வேலையாட்கள் சோம்பேறிகள் ஆகியிருக்கவில்லை, பயந்திருந்தார்கள். அறைத் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் யாரும் தொடுவதில்லை, கேட்டுவிட்டுச் செய்வோம் என்று காத்திருந்தார்கள். நல்ல ஆளுக்கு இரண்டு எசமான் இருந்தால் அவர் இரண்டு பேருக்கும் உழைக்க மாட்டார். திட்டு வராத வழியைத்தான் தேடுவார்.

நம்பிக்கை போனதற்கு ஒரு காரணம் இருந்தது

அண்ணையோடு பேச எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. அவரை ஒரு குறுக்கே நிற்கிற முதலாளி என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. விடுதி தொடங்கிய முதல் வருடங்களில் சொந்தக்காரர் ஒருவரைப் பொறுப்பாக வைத்திருந்தார். அந்த ஆள் வாரத்தில் சில இரவுகள் அறைகளைப் புத்தகத்தில் பதியாமல் வாடகைக்கு விட்டிருக்கிறார். தெரிய வர ஒரு சீசன் எடுத்தது. அதன் பிறகுதான் கமரா வந்தது. முதலில் வாசலில், பிறகு வரவேற்பில், பிறகு குசினியில், கடைசியாகத் தோட்டத்தில்.

ஒரு பின்நேரம் அழைத்தேன். ஒரு மணி நேரம் பேசினோம். மீன் கதையைச் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. "நான் என்ட காசைப் பார்க்கக் கூடாதே தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவருடைய தகப்பன் நிலாவெளியில் கரைவலைச் சம்மாட்டியாக, அதாவது வலைக்குச் சொந்தக்காரராக, இருந்தவர். அதனால் அந்தப் பக்கத்தால் கேட்டேன்: வலை இழுக்கிற நேரம் அப்பா என்ன செய்வார்?

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னார்: "தென்னமரத்தடியில இருப்பார். கதைக்க மாட்டார். மடி கரைக்கு வந்த பிறகுதான் எழும்பி வருவார்."

கரைவலையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மடி என்பது மீன் சேர்கிற வலைப்பை. வலையும் தோணியும் சம்மாட்டியுடையது. ஆனால் வலை கடலில் இருக்கும்போது சொல், இழுப்பை நடத்துகிற மண்டாடியுடையது. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஆட்கள் இழுப்பார்கள். எந்தப் பக்கம் வேகம், எந்தப் பக்கம் தளர்த்த வேண்டும், எப்போது நெருங்கி வர வேண்டும் என்பதை நீரோட்டத்தைப் பார்த்து மண்டாடிதான் சொல்வார். அந்த நேரம் கரையிலிருந்து இன்னொருவர் கத்தினால் வலை ஒரு பக்கம் இழுபட்டு மீன் போய்விடும். சம்மாட்டி ஏமாளி இல்லை. மீன் கரைக்கு வந்ததும் எண்ணுவார், நிறுப்பார், பங்கு பிரிப்பார். பார்க்கிற இடமும் நேரமும்தான் வேறு.

அண்ணை அன்று ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே அழைத்து, "நீ சொல்லு, எண்ணுறது எப்படி?" என்று கேட்டார்.

விரிப்புக் கணக்கு

பொறுப்பைக் கொடு என்று சொல்வது யாருக்கும் முடியும். கொடுத்த பிறகு களவு போகாமல் எப்படிப் பார்ப்பது என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், அந்த அறிவுரையால் ஏமாந்த ஒருவருக்குப் பயன் இல்லை. ஆகவே நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இதற்குத்தான்.

ஒரு அறையில் ஆள் மாறினால் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் ஒரு செட் சலவைக்குப் போகும். பதியாமல் அறையைக் கொடுத்தாலும் விரிப்பு அழுக்காகத்தான் செய்யும். சலவை வெளியில் ஒரு கடையில் நடக்கிறது, அவர்கள் எண்ணித்தான் காசு வாங்குவார்கள். அதனால் சலவைக்குப் போகிறதை அறைப் பொடியன் ஒரு கொப்பியில் எழுதுவான், அந்தக் கொப்பி வரவேற்பு மேசைக்குப் போகாது. அறை பதிவுப் புத்தகத்தைத் தங்கச்சி எழுதுவாள். வாரக் கடைசியில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்ப வேண்டும். சலவைக் கடையின் மாத பில் மூன்றாவது சாட்சி. பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இலக்கம் அச்சிட்டோம், கிழித்தால் தெரியும். மின்சார மீற்றரையும் வாரம் ஒருமுறை எழுதச் சொன்னேன். ஏசி ஓடாத அறை யூனிட் ஏற்றாது.

முதல் மாதமே மூன்று செட் கூடுதலாக இருந்தது. அண்ணைக்கு நெஞ்சு படபடத்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் குழுவில் போடாமல் மனேஜரைத் தனியாகக் கேட்டார். ஒரு இரவு காற்று மழையில் படகுக்காரர்கள் சிலரைச் சும்மா படுக்க விட்டதாக மனேஜர் சொன்னார். காவல் ஐயாவும் அதையே சொன்னார். அன்றிலிருந்து ஒரு விதி: யாருக்கும் அறையை இலவசமாகக் கொடுக்க மனேஜருக்கு உரிமை உண்டு, ஆனால் எழுதிவிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இரண்டு பேரின் குரலிலும் ஒரு இளக்கம் வந்தது.

மற்ற விதிகளை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி குசினிச் சுவரில் ஒட்டினோம். 25,000 ரூபா வரையான செலவுக்கு மனேஜர் யாரையும் கேட்கத் தேவையில்லை. விருந்தாளி குறை சொன்னால் ஒரு இரவு வாடகை வரை விட்டுக்கொடுக்கலாம். ஆளை எடுப்பதும் நிற்பாட்டுவதும் இரண்டு பேரும் பேசித்தான். இணையத்தில் வரும் பதிவுகளை இனி மனேஜரும் தங்கச்சியும் பார்ப்பார்கள், கடவுச்சொல் ரொறன்ரோவில் மட்டும் இருக்காது. அண்ணை எதைச் சொல்வதானாலும் மனேஜரிடம் சொல்வார், ஞாயிறு இரவு ஏழரைக்கு. அங்கே அப்போது காலை 10 மணி, அவருக்கும் அவசரம் இல்லாத நேரம்.

குசினிக் கமராவைக் கழற்றினோம். தோட்டத்துக் கமராவும் போனது. வாசல் கமராவைக் கழற்றுவது பற்றிப் பேசியபோது அண்ணை, "அதை விடு தம்பி. அதிலதான் கடல் தெரியும்" என்றார். வேவு பார்க்கிற பெட்டி என்று நாங்கள் நினைத்த ஒன்று அவருக்கு ஊரைப் பார்க்கிற யன்னலாகவும் இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டோம்.

வாடைக்காலம்

இதுவரை சொன்னதெல்லாம் சீசனில் நடந்த சிக்கல். அதன் வேர் மழைக்காலத்தில் இருந்தது என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ஒவ்வொரு ஒக்டோபர் முடிவிலும் ஆட்களை அனுப்பிவிடுவார்கள், ஏப்ரலில் புது ஆட்களைத் தேடுவார்கள். வருடா வருடம் பழக்காத ஆட்கள், அதனால் முதலாளிக்குப் பயம், அதனால் கமரா.

அந்த நவம்பரில் நாலு பேரை நிறுத்தாமல் வைத்துக்கொண்டோம்: மனேஜர், நானா, தங்கச்சி, காவல் ஐயா. சம்பளம் பாதி, வேலையும் பாதி. உப்புக்காற்று தின்ற ஏசிகளைக் கழற்றித் துடைப்பது, கதவுகளுக்குப் பெயின்ற் அடிப்பது, மெத்தைகளை வெயில் கண்ட நாளெல்லாம் காயவைப்பது. மற்ற ஐந்து பேருக்கும் ஒரு சிறு தொகை கொடுத்து, மே மாதம் திரும்பி வந்தால் இன்னொரு தொகை என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். அவர்களில் மூன்று பேருக்குத் தம்பலகாமத்துப் பக்கம் வயல் வேலை உண்டு. பெரும்போகம் விதைக்கிற நேரமும் வாடை தொடங்குகிற நேரமும் ஒன்றாக வருவதால் அவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

ஊழியர் சேமலாப நிதியை நான் விடாப்பிடியாகக் கேட்டேன். சட்டப்படி சம்பளத்தில் முதலாளி 12 சதவீதம், வேலையாள் 8 சதவீதம், அதற்கு மேல் முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். அதுவரை யாருக்கும் அது போகவில்லை. சின்ன இடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது, சாதாரணம் என்பதால் சரியாகிவிடாது. தன் பெயரில் ஒரு கணக்கு இலக்கம் இருக்கிறது என்று தெரிந்தபோது காவல் ஐயா அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன். பில்லில் சேர்க்கிற 10 சதவீதச் சேவைக் கட்டணத்தையும் மாத முடிவில் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதத் தொடங்கினோம். கரைவலையில் பங்கு பிரிப்பது எல்லோர் கண்முன்னும் மணலில்தானே நடக்கிறது.

அடுத்த மே மாதம் ஒன்பது பேரில் ஏழு பேர் தேடாமல் வந்தார்கள். ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சம்பளம் எங்களால் கொடுக்க முடியாதது. 2024 இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். அதனால் அந்த வருடக் கணக்கில் வந்த நல்ல இலாபத்தை இந்த மாற்றத்தின் பெயரில் மட்டும் எழுத நான் தயாரில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: அந்த சீசனில் குழாய் ஒழுகினால் அன்றே திருத்தினார்கள்.

இன்னும் தீராதது

மனேஜருக்கு முடிவெடுக்கப் பழக நேரம் எடுத்தது. முதல் ஆறு வாரமும் 25,000 ரூபாவுக்குள் வருகிற செலவுக்கும் எனக்கு அழைத்துக் கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவேன். அது சரியான முறையா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்தது, ஏனென்றால் இரண்டு முடிவு பிழையாய்ப் போய், காசு போனது. அண்ணை அந்த இரண்டையும் ஞாயிறு வரை வைத்திருந்து பேசினார்.

இப்போது அடுத்த ஆளைப் பழக்க வேண்டும். மனேஜருக்குப் பெரிய ஹோட்டல்களிலிருந்து அழைப்பு வருகிறது, ஒரு நாள் போவார். அதனால் வாரத்தில் செவ்வாயும் புதனும் தங்கச்சிதான் முழுப் பொறுப்பு என்று முடிவு செய்தோம். அந்த இரண்டு நாளும் மனேஜர் வீட்டில். முதல் செவ்வாய்க்கிழமை நான் ஒரு பற்றுச்சீட்டு எடுக்க விடுதிக்குப் போனேன். பதினொரு மணிக்குள் மனேஜர் வீட்டிலிருந்து நானாவுக்கு நாலு தடவை அழைத்திருந்தார், தோட்டக்காரருக்கு ஒரு தடவை. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

மனேஜரிடம் நேரில் போய்ப் பேசினேன். அவர் முகம் சிவந்தது, "எனக்கே தெரியேல்லை, கை தானாப் போகுது" என்றார். வரும் ஞாயிறு அழைப்பில் அதுதான் முதல் விடயம். அந்தப் பேச்சை எடுக்கப் போவது மனேஜரேதான்.